பசுந்தேயிலை ஆராய்ச்சி

உடலின் உறுப்புகள் பலவற்றுள் நாம் நாள்தோறும் மிகுதியாகப் பயன்படுத்துவது வாய். உண்பதும் பேசுவதும் பாடுவதும் அதனாலேயே நிகழ்கின்றன. ஆயினும் அதனுட்புறத்தை நோக்குவார் மிகச் சிலரே. காலையில் பல் விளக்குங்கால் பற்களை மட்டும் கண்டு மனநிறைவு அடைகின்றோம். கன்னத்தின் உட்பக்கமும், நாவின் ஓரமும், நாவின் அடிப்புறமும் நம் கண்ணுக்குப் புலப்படாமலே இருந்துவிடுகின்றன. கொடிய நோய் ஒன்று தன் வருகையை முன்கூட்டி அறிவிப்பது அவ்விடங்களிலேதான். அந்நோய் புற்றுநோய், அதன் அறிவிப்பு சிறியதொரு வெண்படலம்.

இவ்வெண்படலத்தை மருத்துவர் லூக்கோபிளேக்கியா என்பர். வாயின் உட்பரப்பை மூடியிருக்கும் மெல்லிய தோல் ஓரிடத்தில் தடித்து வெளுத்துத் தோன்றும். துணியால் துடைத்தாலும் அது நீங்குவதில்லை. தொடக்கத்தில் வலியும் இல்லை. எரிச்சலும் பெரும்பாலும் இல்லை. ஆதலின் அஃது இருப்பதையே பலர் அறியார். வெண்மைக்கு மாறாகச் சிவந்து தோன்றும் படலமும் உண்டு. அது வெண்படலத்தினும் அரிதாகக் காணப்படுவது. ஆனால் அதனினும் பன்மடங்கு அஞ்சத்தக்கது.

வெண்படலம் யாவும் புற்றுநோயாக மாறுவதில்லை என்பதை நாம் நன்கு மனத்திற் கொள்ள வேண்டும். அவற்றுட் பெரும்பாலானவை பல்லாண்டுகள் வாளா கிடக்கும். சில தாமே மறைந்தும் போகும். ஒரு சிலவே புற்றாக மாறும். எது மாறும், எது மாறாது என்பதைக் கண்ணால் மட்டும் கண்டு துணிதல் இயலாது. மருத்துவர் படலத்தினின்று ஒரு சிறு துணுக்கை வெட்டியெடுத்து, நுண்ணோக்கியின் கீழ் வைத்து ஆராய்வர். உயிரணுக்கள் ஒழுங்கான அடுக்குகளாய் அமைந்திருப்பின் அச்சம் குறைவு. வடிவும் அளவும் மாறி, வரிசை குலைந்து காணப்படின் அச்சம் மிகுதி.

இப்படலம் தோன்றுதற்குக் காரணம் யாது? புகையிலையே முதற் காரணம். அதனைப் புகைத்தாலும் மென்றாலும் தீங்கு ஒன்றே. நம் நாட்டில் வெற்றிலையோடு பாக்கும் சுண்ணாம்பும் புகையிலையும் சேர்த்து மென்று, அதனைக் கன்னத்தில் நெடுநேரம் அடக்கி வைத்திருக்கும் வழக்கம் பலரிடம் உண்டு. புகையிலை கலவாத பாக்கு தீங்கற்றது எனச் சிலர் எண்ணுவர். அவ்வெண்ணம் தவறு. உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், பாக்கும் மக்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களுள் ஒன்றே என்று ஐயமற உரைத்துள்ளது. மதுவும் புகையிலையும் ஒருங்கு சேருமாயின் தீமை மேலும் பெருகும்.

நோய் முற்றிய பின்னர் அறுவை மருத்துவமும் கதிர் மருத்துவமும் வேண்டியனவாகும். உயிர் பிழைப்பினும் பேச்சும் உணவும் முகத்தோற்றமும் பழுதுபடக்கூடும். ஆதலின், படலமாக இருக்கும்பொழுதே அதனை அகற்றவோ அடக்கவோ ஒரு மருந்து கிடைக்காதா என்று அறிஞர் ஆராயத் தலைப்பட்டனர். படலத்தை அறுத்து எடுக்கலாமே எனின், எடுத்த இடத்திலேயே மீண்டும் தோன்றுதலும் உண்டு. வாயின் பல இடங்களில் படர்ந்திருப்பின் முழுதும் எடுத்தலும் அரிது. எனவே உட்கொள்ளும் மருந்தின்மேல் அவர்கள் கருத்துச் சென்றது.

இத்துறையில் முதலில் பெரும் நம்பிக்கை ஊட்டியவை வைட்டமின் ஏ என்னும் உயிர்ச்சத்தும் அதன் இனத்தைச் சேர்ந்த மருந்துகளுமேயாம். வான் கி ஹாங் என்னும் மருத்துவரும் அவர்தம் துணைவரும் அமெரிக்க நாட்டில் 44 நோயாளிகளிடம் நடத்திய சோதனையின் முடிவு 1986 ஆம் ஆண்டில் வெளிவந்தது. மருந்து உண்ட 24 பேருள் 16 பேருக்குப் படலம் பெரிதும் சுருங்கியது. வெற்று மாத்திரை உண்ட 20 பேருள் இருவருக்கே அவ்வாறு நிகழ்ந்தது. ஆயினும் அம்மகிழ்ச்சி நீடிக்கவில்லை. மருந்தை நிறுத்திய இரண்டு மூன்று திங்களில், குணமடைந்தோருள் பாதிக்கு மேற்பட்டோர்க்குப் படலம் மீண்டது. மருந்துண்டோர்க்கு உதடு வெடித்தல், தோல் உலர்ந்து உரிதல் முதலிய துன்பங்களும் நேர்ந்தன.

கேரள நாட்டுத் திருவனந்தபுரத்துக் கடற்கரையில் வாழும் மீனவ மக்களிடையேயும் இத்தகைய சோதனை ஒன்று நடைபெற்றது. அதன் முடிவு 1997 ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஓராண்டுக் காலம் ஒரு சாரார்க்கு வைட்டமின் ஏயும், மற்றொரு சாரார்க்குப் பீட்டா கரோட்டினும், மூன்றாம் சாரார்க்கு வெற்று மருந்தும் அளிக்கப்பட்டன. படலம் முற்றிலும் மறைந்தவர்கள் முறையே நூற்றுக்கு 52, 33, 10 பேர். எனினும் மருந்து நின்றபின், வைட்டமின் ஏ உண்டு குணமடைந்தவருள் மூன்றில் இரண்டு பங்கினர்க்கும், பீட்டா கரோட்டின் உண்டு குணமடைந்தவருள் பாதிப்பேர்க்கும் படலம் திரும்பியது. மருந்தை வாழ்நாள் முழுதும் உண்ண வேண்டுமாயின், அது கொடுமையற்றதாய், உடல் தாங்கத்தக்கதாய் இருத்தல் வேண்டுமன்றோ? இவ்வெண்ணமே அறிஞரைத் தேயிலையின்பால் ஈர்த்தது.

நாம் அருந்தும் தேநீரும், சீனரும் சப்பானியரும் விரும்பி அருந்தும் பசுந்தேநீரும் ஒரே செடியின் இலையிலிருந்து கிடைப்பனவே. நீலகிரி மலைச்சரிவுகளில் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் காட்சியளிப்பதும் அச்செடியே. வேறுபாடு இலையைப் பதப்படுத்தும் முறையில் உள்ளது. கொய்த தளிரை வாடவிட்டு, நசுக்கிக் காற்றுப்படப் பரப்பினால், இலையிலுள்ள நொதிகளின் செயலால் அது செம்பு நிறமடைந்து, உலர்த்தியபின் கருமை பெறும். இதுவே கருந்தேயிலை. கொய்தவுடன் நீராவியிலோ சூடேறிய கலத்திலோ இட்டு வாட்டினால் நொதிகள் செயலிழக்கும். பசுமை மாறாது நிலைக்கும். இதுவே பசுந்தேயிலை.

பசுமை நிலைக்குங்கால் கேட்டகின் எனப்படும் துவர்ப்புப் பொருள்களும் சிதையாமல் நிலைக்கின்றன. அவற்றுள் தலையாயது எபிகேலோகேட்டகின் கேலேட் என்னும் நீண்ட பெயருடையது. ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் கலங்களில் வளர்க்கப்பட்ட புற்றணுக்களின் மேல் இப்பொருளை இட்டபோது அவற்றின் பெருக்கம் தடைப்பட்டது. விலங்குகளிடம் செய்த சோதனைகளிலும் நற்குறிகள் தோன்றின. ஆயினும் கண்ணாடிக் கலம் வேறு, மனித உடல் வேறு. கலத்தில் அணுக்களை நேரே சென்று தொடும் பொருள், மனிதன் உண்டபின் குடலிலும் ஈரலிலும் மாறுதலடைந்து, சிறிதளவே குருதியிற் கலக்கும். ஆதலின் மனிதரிடம் ஆராய்ந்தாலன்றி உண்மை புலப்படாது.

மனிதரிடம் ஆராய்வது எங்ஙனம்? வெண்படலம் உடைய ஒருவர் ஆறு திங்கள் பசுந்தேநீர் அருந்தினார். படலம் மறைந்தது என்று வைத்துக்கொள்வோம். தேநீரே அதனை மறைத்தது என்று கூறலாமா? கூறலாகாது. படலம் தானாகவும் மறைதல் உண்டு என முன்னரே கண்டோம். அன்றியும், மருத்துவரிடம் வந்தபின் அவர் புகையிலையைக் குறைத்திருக்கலாம். மறைவுக்கு உரிய காரணம் இவற்றுள் எது என்று எவ்வாறு அறிவது? ஒத்த நிலையினரான வேறு சிலர்க்குத் தேயிலை கொடாமல் வைத்து, இருசாராரையும் ஒப்புநோக்குவதே வழி.

இவ்வொப்பீட்டு முறைக்குப் பழைய சான்று ஒன்று உண்டு. 1747 ஆம் ஆண்டில் ஜேம்ஸ் லிண்ட் என்னும் ஆங்கிலக் கப்பற்படை மருத்துவர், ஸ்கர்வி நோயுற்ற 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து, ஒவ்வோர் இணைக்கும் ஒவ்வொரு மருந்தை அளித்தார். ஏனைய உணவு யாவர்க்கும் ஒன்றே. ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்ட இருவர் விரைவில் தேறினர். ஏனையோர் அவ்வாறு தேறவில்லை. ஒப்பிட்டு நோக்கியதனாலேயே உண்மை விளங்கிற்று.

லிண்டுக்குப் பின்னர் அறிஞர் இம்முறையை மேலும் செம்மை செய்தனர். யார்க்கு எம்மருந்து என்பதை மருத்துவர் தம் விருப்பப்படி முடிவு செய்தல் கூடாது. குலுக்கிச் சீட்டெடுப்பது போன்ற முறையால் முடிவு செய்தல் வேண்டும். இல்லையேல் நோய் குறைந்தவர்க்கே புதுமருந்து சென்று சேரக்கூடும். அடுத்து, மருந்து பெறாதார்க்கும் அதே நிறமும் வடிவும் உடைய வெற்று மாத்திரை ஒன்றைத் தருதல் வேண்டும். இன்னது உண்கின்றோம் என்பது நோயாளிக்கும் தெரிதல் கூடாது. இன்னார்க்கு இன்னது என்பது அளந்து பார்க்கும் மருத்துவர்க்கும் தெரிதல் கூடாது. நம்பிக்கை கண்ணை மயக்கும். விரும்பியதைக் காண்பது மனித இயல்பு. நீதிமன்றத்துத் தராசைப்போல ஆராய்ச்சியும் இருபுறமும் சாயாது நிற்றற்கே இத்துணைக் கட்டுப்பாடுகளும் வேண்டப்படுகின்றன.

இம்முறையில் தேயிலையை முதலில் ஆராய்ந்தவருள் சீனத்து அறிஞர் குறிப்பிடத்தக்கவர். வெண்படலம் உடைய 59 பேரிடம் அவர்கள் நடத்திய சோதனையின் முடிவு 1999 ஆம் ஆண்டில் வெளிவந்தது. 29 பேர் தேயிலைச் சத்துகளின் கலவையை நாள்தோறும் 3 கிராம் வீதம் உட்கொண்டனர். அதனையே படலத்தின் மேலும் பூசிக்கொண்டனர். ஏனைய 30 பேர்க்கு வெற்று மருந்தே அளிக்கப்பட்டது. ஆறு திங்களுக்குப் பின் அளந்தபோது, தேயிலை பெற்றோருள் 11 பேருக்குப் படலம் சுருங்கியிருந்தது. மற்றவருள் மூவருக்கே சுருங்கியிருந்தது. நூற்றுக்கு 38 எங்கே, 10 எங்கே! அறிஞருலகம் வியந்து நோக்கியது.

அடுத்த சோதனை அமெரிக்க நாட்டில், டெக்ஸாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரில் உள்ள எம். டி. ஆண்டர்சன் புற்றுநோய் நிலையத்தாரால் நடத்தப்பட்டது. அதன் முடிவு 2009 ஆம் ஆண்டில் வெளிவந்தது. புற்றாக மாறக்கூடிய அச்சம் மிகுந்த படலங்களை உடைய 41 பேர் இதிற் சேர்ந்தனர். பசுந்தேயிலையின் சாரம் மூவகை அளவுகளில், நாளொன்றுக்கு மும்முறையாகப் பன்னிரண்டு வாரம் அளிக்கப்பட்டது. ஒரு பிரிவினர் வெற்று மாத்திரையே உண்டனர். முடிவில் கணக்கிடத்தக்கவராய் எஞ்சியோர் 39 பேர்.

அவருள் தேயிலைச் சாரம் உண்டவர் 28 பேர். 14 பேருக்குப் படலம் சுருங்கியது. வெற்று மாத்திரை உண்டவர் 11 பேர், இருவருக்குச் சுருங்கியது. சாரத்தின் அளவு கூடக்கூடப் பயனும் கூடியது. குறைந்த அளவு உண்ட 11 பேருள் நால்வரும், அதனின் மிகுந்த அளவுகளை உண்ட 17 பேருள் பதின்மரும் நலம் கண்டனர். இதனை மட்டும் கேட்டு நிறுத்திக்கொள்வோர், நோய்க்கு மருந்து கிடைத்துவிட்டது என்று முரசறைவர். ஆராய்ச்சியாளர் அங்கு நிறுத்தவில்லை. மூன்று வினாக்களை எழுப்பினர்.

முதல் வினா: இவ்வேறுபாடு தற்செயலாய் நேர்ந்ததாகுமா? ஒரு நாணயத்தைப் பத்து முறை சுண்டினால் ஐந்து முறை தலையே விழும் என்பதில்லை. ஏழோ எட்டோ விழுதலும் உண்டு. சிலரிடம் மட்டும் செய்யும் சோதனையிலும் அத்தகைய ஏற்றத்தாழ்வு புகும். தேயிலைக்குப் பயன் ஒன்றுமே இல்லையாயினும், இத்துணை வேறுபாடு வெறும் தற்செயலாலேயே நூற்றுக்கு 9 முறை தோன்றக்கூடும் என்பது கணக்கின் முடிவு. நூற்றுக்கு 5க்குக் குறைந்தாலன்றி உறுதி கூறலாகாது என்பது அறிஞர் கொண்ட பொது வரையறை. அளவுக்கேற்ப நலம் கூடிய போக்கு மட்டுமே அவ்வரையறைக்குள் அமைந்தது. எனவே நம்பிக்கைக்கு இடமுண்டு, உறுதிக்கு இடமில்லை.

இரண்டாம் வினா: கண்ணுக்குச் சுருங்கிய படலம் உள்ளேயும் திருந்தியதா? நுண்ணோக்கியில் நோக்கியபோது, சாரம் உண்ட 28 பேருள் அறுவர்க்கே உயிரணுக்கள் ஒழுங்கு பெற்றிருந்தன. வெற்று மாத்திரை உண்டவருள் ஒருவர்க்கு அவ்வாறிருந்தது. இவ்வேறுபாடு மிகச் சிறிது. சுவரின் விரிசலைச் சுண்ணாம்பால் மறைத்தல் வேறு. அடித்தளத்தைச் செப்பனிடுதல் வேறு அன்றோ?

மூன்றாம் வினாவே முதன்மையானது: புற்றுநோய் தடுக்கப்பட்டதா? சோதனையிற் சேர்ந்தோரைப் பல திங்கள் தொடர்ந்து கண்காணித்தனர். அவருள் 15 பேருக்கு வாய்ப்புற்று தோன்றியது. சாரம் உண்டவர்க்கும் உண்ணாதவர்க்கும் இதில் வேறுபாடு காணப்படவில்லை. மருந்தோ பன்னிரண்டு வாரமே அளிக்கப்பட்டது, பங்குகொண்டோரும் சிலரே. ஆதலின் தேயிலை பயனற்றது என்று தள்ளிவிடுதலும் பொருந்தாது. காக்கும் என்று துணிதலும் பொருந்தாது. மேலும் பலரிடம், நீண்டகாலம் ஆராய்தல் வேண்டும் என்பதே நேர்மையான முடிபாகும்.

அவ்வாறாயின், தீங்கற்ற தேநீரைத் தாமே மிகுதியாக அருந்தி வருதலில் பிழை என்ன என்று சிலர் வினவலாம். சோதனையில் அளித்தது கோப்பைத் தேநீர் அன்று. பல கோப்பைகளின் சத்தைத் திரட்டிய சாரம். அதனை மிகுதியாக உண்டோர்க்கு உறக்கமின்மையும் வயிற்றுப்போக்கும் நேர்ந்தன. சாரமாகத் திரட்டிய கேட்டகினை நாள்தோறும் 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் உண்பது ஈரலுக்குக் கேடு செய்யக்கூடும் என்று ஐரோப்பிய உணவுக் காப்பு ஆணையம் 2018 ஆம் ஆண்டில் எச்சரித்தது. இயற்கையிற் கிடைப்பது என்னும் ஒன்றாலேயே ஒரு பொருள் தீங்கற்றதாகிவிடாது. புகையிலையும் இயற்கையிற் கிடைப்பதன்றோ? இனி, கோப்பைத் தேநீரையும் கொதிக்கக் கொதிக்கப் பருகுதல் நன்றன்று. 65 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் பருகும் பானங்கள் உணவுக்குழாயில் புற்று உண்டாக்கக்கூடும் என்று உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2016 ஆம் ஆண்டில் உரைத்துள்ளது. ஆறவைத்து, அளவோடு பருகும் தேநீர் இனிய பானமே. ஆனால் அதனை மருந்தென்று நம்பி மருத்துவரை நாடாதிருத்தலே பெருந்தீங்கு. காலங்கடத்தும் ஒவ்வொரு நாளும் நோய்க்கே ஆக்கந்தரும்.

ஐயத்திற்கு இடமின்றி மெய்ப்பிக்கப்பட்ட வழிகள் இல்லையோ எனின், உள்ளன. கேரளத்து எறணாகுளம், ஆந்திரத்து ஸ்ரீகாகுளம், குஜராத்துப் பாவ்நகர் ஆகிய மாவட்டங்களில் புகையிலைப் பழக்கமுடைய 36,000 பேரிடம் ஓர் ஆராய்ச்சி நடைபெற்றது. ஊர்தோறும் சென்று அவர்களுக்கு அறிவுரை கூறி, பழக்கத்தைக் கைவிடச் செய்ய முயன்றனர். 1986 ஆம் ஆண்டில் வெளிவந்த அதன் முடிவு, பழக்கத்தை விட்டவரிடமும் குறைத்தவரிடமும் புதிய வெண்படலம் தோன்றுவது மிகக் குறைந்தது என்று காட்டிற்று. இதற்கு மாத்திரை வேண்டா; பொருட்செலவும் வேண்டா; மனவுறுதி ஒன்றே வேண்டும்.

இரண்டாவது வழி, வாயை நோக்குதல். திருவனந்தபுர மாவட்டத்தில் சற்றேறக்குறைய 1,90,000 பேர் அடங்கிய பெரியதொரு சோதனை நடைபெற்றது. பயிற்சி பெற்ற ஊழியர் வீடுவீடாகச் சென்று ஒரு பாதியினரின் வாயைக் கண்ணால் நோக்கி ஆராய்ந்தனர். ஐயத்திற்குரியவர்களை மருத்துவரிடம் அனுப்பினர். 2005 ஆம் ஆண்டில் வெளிவந்த முடிவின்படி, புகையிலையோ மதுவோ பழகியவரிடையே வாய்ப்புற்றால் நேரும் இறப்பு நூற்றுக்கு 34 பங்கு குறைந்திருந்தது. வெளிச்சமும் பயிற்சி பெற்ற இரு கண்களும் செய்த அருஞ்செயல் இது.

தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் அயரா முயற்சியால் 1954 ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை தோன்றியது. தம் தங்கை இந்நோயால் துன்புற்று இறந்ததைக் கண்ட அவர், பிறர்க்கு அந்நிலை நேராதிருத்தற்பொருட்டே அம்முயற்சியை மேற்கொண்டார். அத்தகைய மருத்துவமனைகளை நோய் முற்றிய பின்னர் நாடுவதினும், படலமாக இருக்கும்பொழுதே நாடுதல் நன்று. வாயில் வெண்மையாகவோ செம்மையாகவோ படலம் தோன்றினும், புண் தோன்றி இரண்டு வாரத்திற்கு மேல் ஆறாதிருப்பினும், வாயை முழுதும் திறக்க இயலாமற் போயினும் காலந்தாழ்த்தாது மருத்துவரைக் காணுதல் வேண்டும்.

மாணவர்களே! தேயிலையின் வரலாறு நமக்கு இருவகைப் பாடங்களைப் புகட்டுகின்றது. ஒன்று, உடலைப் பற்றியது: பாக்கும் புகையிலையும் அணுகாத வாயே நோயணுகா வாய்க்கு மிக நெருங்கியது. மற்றொன்று, அறிவைப் பற்றியது. நாம் விரும்பும் செய்தி நம் செவிக்கு எட்டும்பொழுது, அஃது இனிமையாய் இருத்தலினாலேயே மெய் என்று கொள்ளலாகாது. எத்தனை பேரிடம் ஆராய்ந்தனர்? எவரோடு ஒப்பிட்டனர்? எத்துணைக் காலம் நோக்கினர்? என்று வினவுதல் வேண்டும். பயன் தருமா தராதா என்று அறியாத மருந்தை உட்கொள்ள இசைந்த அந்நோயாளிகளுட் சிலர் பின்னர்ப் புற்றுக்கும் ஆளாயினர். அவர்கள் தந்த விடை முழுமையானதன்று, ஆயினும் பொய்யற்றது. அவ்வுண்மையை மிகைப்படுத்தாமலும் மறைக்காமலும் பிறர்க்கு எடுத்துரைத்தல் கற்றோர் கடமையாகும். உங்கள் இல்லத்திலோ அண்டையிலோ வெற்றிலையும் புகையிலையும் மெல்லும் முதியோர் இருப்பின், அவர்களைப் பணிவோடு அணுகி, ஒருமுறை மருத்துவரிடம் வாயைக் காட்டி வருமாறு வேண்டுங்கள். அவ்வொரு சொல் ஓர் உயிரைக் காத்தலும் கூடும்.